புஷ்பராணியும் பின்லாந்துச் சம்மந்தியும்

"அண்ணை, நாளைக்கு அந்தப் பொம்பிளை உங்களிட்டை வரப்போறா. கேக்கிறதுக்கெல்லாம் மறுமொழி சொல்லுங்கோ. செல்வமலரைப் பற்றி மட்டும் வாய் திறந்துபோடாதேங்கோ."

போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை புஷ்பராணி தொலைபேசியில் என்னிடம் சொன்னது இது. ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவாவில் என் வீட்டுக் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற நான், கேத்தலை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். செல்வமலர் என்ற பெயரை அவள் வாயால் கேட்டு முப்பது வருடமாகிறது.

"எந்தப் பொம்பிளை, பிள்ளை?"

"சம்மந்தி அண்ணை. இர்மெலி. குடும்பப் புத்தகம் எழுதிறாவாம். எங்கடை பக்கத்து ஆக்களின்ரை பேரும் வேணுமாம். இவள் ஜெனிதா, 'இரத்தினவேல் மாமாவிட்டைக் கேளுங்கோ, அவருக்குத்தான் எல்லாற்றை கொடிவழியும் தெரியும்' எண்டு சொல்லிப்போட்டாள்."

புஷ்பராணியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புருசெத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறவள். இருபத்தெட்டு வருடமாக அதே பள்ளிக்கூடம். காலை ஐந்தரைக்குத் திறப்புக் கோர்வையோடு போய், பிள்ளைகள் வருமுன் பதினான்கு வகுப்பறைகளைத் துடைத்து முடித்துவிடுவாள். முழங்காலில் நோவு. ஆனாலும் ஒரு நாள் மருத்துவ விடுப்பு எடுத்தவள் இல்லை. அவள் கணவன் யோகலிங்கம் பஸ் ஓட்டுகிறவர். மகன் அனுஷன் ஒஸ்லோவில் பிறந்தவன். மகள் ஜெனிதா மூன்று வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியவள். இப்போது முப்பத்து மூன்று வயது, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. ஜெனிதா கட்டப்போகிற பெடியன் தேமு. அவனுடைய தாய்தான் இர்மெலி.

நானும் புஷ்பராணியும் யாழ்ப்பாணத்தில் வரணி ஆட்கள். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் யார் யாருக்கு என்ன முறை என்பது மறக்காது. புஷ்பராணிக்கு ஒரு அக்கா இருந்தாள். அவள்தான் செல்வமலர். ஜெனிதாவைப் பெற்றவளும் அவள்தான்.

தொண்ணூற்று மூன்றில் செல்வமலர் ஷெல் விழுந்து செத்தாள். அவள் புருஷன் குலசேகரம் அதற்கு முன்னரே போன இடம் தெரியாது. ஒன்றரை வயதுப் பிள்ளையைப் புஷ்பராணி இடுப்பில் தூக்கினாள், பிறகு இறக்கவில்லை. யோகலிங்கம் அப்போது நோர்வேயில். இரண்டு வருடம் கழித்து அவரிடம் வருவதற்குக் கொழும்பில் விண்ணப்பம் எழுதும்போது, "இது ஆற்றை பிள்ளை?" என்று கேட்டார்கள். "என்ரை மகள்" என்றாள்.

எங்கள் ஆட்களுக்கு அதில் என்ன பொய்? அக்காவின் மகள் எங்களுக்கு மகள்தான். அண்ணன் பிள்ளையென்றால் மருமகள். அக்காள் பிள்ளை மகள். வேறு சொல்லே இல்லை. ஆனால் பிறகு பிறப்புச் சான்றிதழிலும் தன் பெயரையும் யோகலிங்கத்தின் பெயரையும் போட்டுப் புதிதாகப் பதிந்தாள். அது பொய்தான். அதை அவளும் அறிவாள்.

ஜெனிதாவுக்கு இது ஒன்றும் தெரியாது. தெரிந்தால் பிள்ளை தன்னை விட்டுப் போய்விடும் என்பதுதான் புஷ்பராணியின் பயம். கடவுச்சீட்டைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம் அதற்குப் பிறகுதான்.

மறுநாள் இர்மெலி வந்தார். நடுவில் ஓட்டை போட்ட கறுப்புப் பாண் ஒன்றும், பாய் மாதிரிச் சுருட்டிய கடதாசி ஒன்றும் கையில். வயது அறுபத்தெட்டு. இளம் வயதில் பின்லாந்திலிருந்து ஒஸ்லோ ஆஸ்பத்திரிக்குத் துணி வெளுக்க வந்தவர், இப்போது ஹவுகெட்டோவில் தனியே இருக்கிறார். நாங்கள் பேசியது நோர்வேஜிய மொழியில். அது அவருக்கும் பிறந்த மொழி இல்லை, எனக்கும் இல்லை. அதனால் ஒருவருக்கொருவர் இடம் விட்டு மெதுவாகப் பேசினோம்.

கடதாசியை மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் என் மருந்துப் பெட்டிகளைப் பாரம் வைத்தார். முழுக்கப் பெட்டி பெட்டியாகக் கோடு. அவர் பக்கத்தில் ஒன்பது தலைமுறை எழுதியிருந்தது.

"நோர்வேக்காரருக்கு அப்பாவின் தம்பியும் அம்மாவின் தம்பியும் ஒரே ஒங்கல்தான். எங்களுக்கு அப்படியில்லை" என்றார். "தாயின் சகோதரன் எனோ. தகப்பனின் சகோதரன் செத்தா."

"உயிரோடு இருக்கிறவரையுமா?" என்று கேட்டுவிட்டு, எங்கள் மொழியில் அதற்கு என்ன பொருள் என்று சொன்னேன். அவர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு நேரம் போனது தெரியவில்லை. மருமகள் மினியாவாம். மருமகன் வேவுவாம். மாமியார் அனொப்பி. கணவனின் தமக்கை தங்கைக்கு என்ன என்றேன். நத்தோ என்றார். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். நாங்கள் மச்சாள் என்போம், ஆனால் கோவிலுக்கு வரும் இந்தியத் தமிழ்ப் பெண்கள் நாத்தனார் என்றுதானே சொல்கிறார்கள்!

"அது பழைய சொல். இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது" என்றார் இர்மெலி.

"மருமகளின் தாய்க்கு?"

கொஞ்சம் யோசித்தார். "எனக்குத் தெரிந்து சொல் இல்லை."

"எங்களிடம் இருக்கிறது. சம்மந்தி."

அதைத் தன் எழுத்தில் கடதாசி மூலையில் எழுதிக்கொண்டார். பிறகு பென்சிலைத் தீட்டிக்கொண்டு எங்கள் பக்கத்துக்கு வந்தார். யோகலிங்கத்தின் தகப்பன், தகப்பனின் தகப்பன், அவர் பெண் எடுத்த வீடு என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். புஷ்பராணியின் பெட்டிக்கு வந்ததும் கேட்டார்.

"கூடப் பிறந்தவர்கள்?"

"இரண்டு தம்பிமார். ஒருவர் கனடாவில். மற்றவர் ஊரில்."

"சகோதரிகள்?"

"இல்லை" என்றேன்.

செல்வமலரைச் சுடலைக்குத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் புஷ்பராணி வீட்டில் சாப்பாடு. கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, ஜூன் பதினான்கு. மரக்கறிச் சாப்பாட்டை இர்மெலி கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடிய, நாடா கட்டிய நான்கு சின்னப் பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார். யோகலிங்கத்துக்கு ஒன்று, புஷ்பராணிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று.

"பின்லாந்தில் கொடிவழி தேடுகிற எல்லோரும் இப்போது இதைத்தான் செய்கிறார்கள்" என்றார். "குழாய்க்குள் துப்பி அனுப்பினால், நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள், யாருக்கு யார் சொந்தம் என்று அவர்களே எழுதி அனுப்புவார்கள். என் பரிசு."

புஷ்பராணி கையிலிருந்த பாயாசக் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். "இண்டைக்கு வெள்ளிக்கிழமை. விரதம். துப்பிற நாளில்லை எண்டு சொல்லு, பிள்ளை" என்றாள் ஜெனிதாவிடம்.

அனுஷன் விடவில்லை. "அப்ப காலமை பல்லு விளக்கிப்போட்டு முழுங்கினனீங்களோ அம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். யோகலிங்கம் சிரிக்கவில்லை. "நான் மருந்து குடிக்கிறனான். வாயிலை ஈரமில்லை" என்றார்.

பிள்ளைகள் இருவரும் போட்டி போட்டுத் துப்பினார்கள். யாருடைய குழாய் முதலில் நிறையும் என்று தேமு எண்ணிக்கொண்டிருந்தான். ஜெனிதா வென்றாள்.

"ரெண்டையும் தாங்கோ. வேலைக்குப் போகேக்கை தபால் பெட்டிக்கை போட்டுவிடுறன்" என்று புஷ்பராணி கையை நீட்டினாள். அவை எந்தக் குப்பை வாளிக்குள் போகும் என்று எனக்குத் தெரிந்தது.

"உங்களிட்டைத் தந்தால் தீபாவளி மட்டும் கைப்பைக்குள்ளை கிடக்கும்" என்று அனுஷன் பெட்டிகளைத் தன் சட்டைப் பைக்குள் தள்ளினான். "நான் ஸ்டேஷனிலை போடுறன்."

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். புஷ்பராணி தண்ணீரைத் திறந்துவிட்டு, கழுவுவதற்கு ஒன்றையும் எடுக்காமல் நின்றாள்.

"ரெண்டு பேரும் ஒரு தாய் வயித்துப் பிள்ளையளில்லை எண்டு அந்தத் துப்பலுக்குத் தெரியுமோ, அண்ணை?"

"தெரியுமாம், பிள்ளை. நீயே முந்திச் சொல்லிப்போடு."

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"ஆறு கிழமை எண்டுதான் பெட்டியிலை கிடக்கு."

"ஆறு கிழமை இருக்கு, என்ன?" என்றாள்.

முதல் கிழமை ஜெனிதாவுக்குக் காய்ச்சல், அதனால் புஷ்பராணி சொல்லவில்லை. இரண்டாம் கிழமை கூறைச்சேலை எடுக்கப் போனார்கள், அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. மூன்றாம் கிழமை, பிள்ளை பக்கத்திலேயே இருந்து தன் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள் என்று என்னிடம் சொன்னாள். "அப்ப சொல்லியிருக்கலாம் அண்ணை. வாய் வரைக்கும் வந்தது." நான்காம் கிழமை நான் கேட்கவில்லை. அவளும் எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை.

ஐந்தாம் கிழமையே மறுமொழி வந்துவிட்டது.

முதலில் பார்த்தவன் அனுஷன். வேலையில் நின்ற தமக்கையை அழைத்துச் சிரித்திருக்கிறான். "அக்கா, நாங்கள் ரெண்டு பேரும் சோஸ்கன்பார்னாம்! மெஷினுக்கு விசர்." ஒன்றுவிட்ட சகோதரத்துக்கு நோர்வேஜிய மொழியில் அப்படித்தான் பெயர். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மேலங்கியைக் கழற்றிவைத்துவிட்டு நேரே ரயில் ஏறிப் புருசெத் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு புஷ்பராணி மேல்மாடி நடையோடையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அங்கே நடந்ததைப் புஷ்பராணி எனக்கு இரண்டு தரம் சொன்னாள். இரண்டு தரமும் ஒரே மாதிரித்தான் சொன்னாள்.

"என்னைப் பெத்தது ஆர்?" என்று பிள்ளை கேட்டது. இவள் தரை துடைக்கிற தடியைச் சுவரில் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிய, "நீ என்ரை மகள்தான். அக்கான்ரை பிள்ளை மகளில்லாமல் வேறை ஆர்?" என்றாள்.

"நோர்ஸ்கிலை உங்களுக்குத் தந்தே எண்டு பேர்" என்றாளாம் ஜெனிதா. தாயின் சகோதரிக்கு நோர்வேக்காரர் சொல்லும் சொல் அது. சொல்லிவிட்டு ஈரத் தரையில் நடந்து போனாள். அந்தச் சப்பாத்து அடையாளத்தைப் புஷ்பராணி அன்று துடைக்காமலே வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் ஜெனிதா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே வந்தும் இருக்கவில்லை.

"உங்களுக்கும் தெரியும்தானே, மாமா?"

"ஓம், பிள்ளை."

"இர்மெலியிட்டை ஒன்பது தலைமுறை கதைச்சனீங்கள். அம்மாவுக்குச் சகோதரியே இல்லை எண்டும் சொன்னனீங்கள்."

அவளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

"அவ எத்தினை வயதிலை செத்தவ?"

"இருபத்தாறு."

"என்னைவிடச் சின்னவ" என்றாள். அப்போதுதான் கதிரையில் இருந்தாள். நான் எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். செல்வமலர் சைக்கிள் ஓட்டுவாள், இடது கையால் எழுதுவாள், கோபம் வந்தால் இரண்டு நாளைக்குப் பேசமாட்டாள். இடது கை என்றதும் ஜெனிதா தன் இடது கையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகும் கல்யாண வேலைகள் நின்றுவிடவில்லை. ஜெனிதா வீட்டுக்கு வந்து போனாள். சமைத்ததைச் சாப்பிட்டாள். ஆனால் மொட்டையாகக் கதைத்தாள். "சாப்பாடு இருக்கோ?" "திறப்பு எங்கை?" "நான் போட்டு வாறன்." அந்த வசனங்களுக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கவேண்டிய ஒரு சொல் இல்லை. பிள்ளை ஏசியிருந்தால் புஷ்பராணி தாங்கியிருப்பாள்.

"என்னைக் கூப்பிடிறாளில்லை, அண்ணை. அடுத்த அறையிலை நிண்டாலும் நடந்து வந்து முகத்துக்கு நேரை நிண்டுதான் கதைக்கிறாள். கூப்பிடவேண்டி வந்திடும் எண்டு."

யோகலிங்கத்துக்கு வேறு கவலை. "அந்தக் கொம்பனி அரசாங்கத்துக்கு அறிவிச்சால்? பிள்ளையின்ரை பாஸ்போட் போனால்?" என்று ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தார். அறிவிக்க மாட்டார்கள் என்று ஜெனிதாவே சொல்லியும் அவர் கேட்கவில்லை.

மே கடைசியில் புஷ்பராணி என்னையும் கூட்டிக்கொண்டு ஹவுகெட்டோவுக்குப் போனாள். இர்மெலியின் மேசையில் அதே கடதாசி விரித்துக் கிடந்தது. ஜெனிதாவின் பெட்டிக்கு மேலே தாய் என்ற இடத்தில் புஷ்பராணியின் பெயர். இவள் அழிறப்பர் கேட்டாள். தன் பெயரைத் தானே அழித்தாள். அந்த இடத்தில் தமிழில் 'செல்வமலர்' என்று எழுதினாள். பள்ளிக்கூடப் பிள்ளை போல நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு எழுதினாள். பக்கத்தில் தங்கைக்கு ஒரு பெட்டி கீறித் தன் பெயரை அதற்குள் எழுதினாள்.

இர்மெலிக்கு விஷயம் முன்னமே தெரிந்திருந்தது. "நான் கொண்டுவந்த பெட்டியால் வந்தது" என்றார். முகம் சிவந்திருந்தது. பிறகு யாரும் கேட்காமலே ஒன்றைச் சொன்னார்.

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் பின்லாந்துப் பிள்ளைகளைச் சுவீடனுக்கு அனுப்பினார்களாம். இர்மெலியின் தாய் நான்கு வயதில் கழுத்தில் பெயர் அட்டையோடு போனவர். எட்டு வயதில் திரும்பி வந்தபோது சொந்த மொழியே மறந்துபோயிருந்தது. சுவீடனில் வளர்த்தவளைத்தான் அம்மா என்று அழைத்துப் பழக்கம். பெற்ற தாயைத் தேத்தி என்றார். அத்தை, சின்னம்மா எல்லோருக்கும் அவர்களிடம் அந்த ஒரு சொல்தான். வீட்டில் அடித்துத் திருத்தப் பார்த்தார்கள்.

"பிறகு?" என்றாள் புஷ்பராணி.

"பிறகு தேத்தி என்றும் சொல்லவில்லை, அம்மா என்றும் சொல்லவில்லை. 'காப்பி வேண்டுமா' என்பார், 'கதவைச் சாத்து' என்பார். என் பாட்டி சாகும்வரை அப்படித்தான்."

புஷ்பராணி பென்சிலை மேசையில் வைத்தாள். "அப்ப எனக்கும் அப்பிடித்தான்" என்றாள் என்னைப் பார்த்து, தமிழில்.

இந்தக் கதையை ஜெனிதாவிடம் சொன்னீர்களா என்று இர்மெலியைக் கேட்டேன். தேமுவிடம்கூடச் சொன்னதில்லை என்றார். பிறகு சொன்னாரோ என்னவோ, எனக்குத் தெரியாது.

ஜூன் பதினான்காம் திகதி கோவில் மண்டபத்தில் கல்யாணம். பின்லாந்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். வெள்ளைக்காரர் நிலத்தில் சம்மணம் கட்டிச் சிரமப்படுவதைப் பார்த்து எங்கள் பெண்கள் கதிரைகளை இழுத்துப் போட்டார்கள்.

மணவறைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் சட்டம் போட்ட படம் ஒன்றைப் புஷ்பராணி கொண்டுவந்து வைத்தாள். கொடிகாமத்தில் ஒரு ஸ்டூடியோவில் அக்காவும் தங்கையும் சேர்ந்து எடுத்த படம். முப்பது வருடமாக அரசாங்கக் கடிதங்களோடு ஒரு கோப்புக்குள் கிடந்தது. பெரிதாக்கக் கொடுக்குமுன் தன்னை அதிலிருந்து வெட்டி எடுத்துவிட்டிருந்தாள். செத்தவளுக்கு மாலை போடவேண்டுமே, உயிரோடிருக்கிறவளும் படத்தில் நின்றால் எப்படிப் போடுவது? மாலை போட்டுவிட்டு, சமையல் பக்கம் போகிற வாசலில் போய் நின்றுகொண்டாள்.

மணவறைக்கு வந்த ஜெனிதா அந்தக் கதிரைக்கு முன்னால் நின்றாள். பக்கத்தில் நான்தான் நின்றேன். கன நேரம் பார்த்தாள். செல்வமலரின் தோளில் ஒரு கை மட்டும் இருந்தது. வெட்டினபோது அதை எடுக்க முடியவில்லைப்போலும். மெலிந்த கை, கறுப்புக் கயிறு கட்டியிருந்தது.

"மாமா, இது ஆற்றை கை?"

"உன்னை வளத்தவளின்ரை."

"பொம்பிளையின்ரை தாய் தேப்பன் கெதியாய் முன்னுக்கு வாங்கோ" என்று ஐயர் அவசரப்படுத்தினார். யோகலிங்கம் போனார். புஷ்பராணி வாசலை விட்டு அசையவில்லை. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண், "என்ன, தாயை விட்டிட்டோ தாரை வார்க்கப்போகினம்?" என்று கேட்டதும் காதில் விழுந்தது.

ஜெனிதா படத்திலிருந்து கண்ணை எடுத்தாள். மண்டபத்தின் அந்தக் கரை வரைக்கும் கேட்கக் கூப்பிட்டாள்.

"சின்னம்மா!"

மேளம் இல்லாத நேரம். எல்லோருக்கும் கேட்டது. அதுவரை ஒன்றும் அறியாதவர்களும் அப்போது அறிந்துகொண்டார்கள். யோகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"சின்னம்மா, வாங்கோ. ஐயர் கூப்பிடிறார்."

ஐந்து கிழமைக்குப் பிறகு பிள்ளை அவளைக் கூப்பிடுகிறது. அவள் காத்திருந்த சொல் அது இல்லை. புஷ்பராணியின் முகத்தை நான் பார்த்தேன், அதை எழுத எனக்குத் தெரியாது. ஈரமில்லாத கைகளைச் சேலையில் துடைத்தாள், வேலை முடிந்து வருகிறவள் மாதிரி.

"ஓம், பிள்ளை" என்றாள். போய் யோகலிங்கத்துக்குப் பக்கத்தில் நின்று செம்பைப் பிடித்துத் தண்ணீர் வார்த்தாள். பாதித் தண்ணீர் தாம்பாளத்துக்கு வெளியே விழுந்தது.

கல்யாணம் முடிந்து நான்கு மாதமாகிறது. அரசாங்கக் கடிதம் ஒன்றும் வரவில்லை. யோகலிங்கம் இன்னும் தபால் பெட்டியைப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெனிதாவும் தேமுவும் சாப்பிட வருவார்கள். போன கிழமை நானும் போயிருந்தேன். சாப்பாட்டு அறைக்குள்ளிருந்து பிள்ளை, "சின்னம்மா, உப்புக் காணாது" என்று கூப்பிட்டாள். புஷ்பராணி உப்புப் போத்தலை எடுத்தாள்.

"பழகிவிட்டுதோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

"கூப்பிடிறாள்தானே, அண்ணை" என்றாள். வாசலில் போய் நின்று திரும்பினாள். "ஆனால் ஒவ்வொரு முறையும், வேறை ஆரையோ கூப்பிடிறாள் எண்டு ஒருக்காப் பின்னாலை திரும்பிப் பாக்கிறன்."